இரண்டு பச்சை பட்டன்

கலைமணியின் தலையில் எண்ணெய் பட்டு மூன்று நாள் ஆகிறது. வடக்குப்பட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி மூன்று நாள் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருப்பதென்றால் அதுவே பெரிய விரதம்தான். தண்டலத்தில் ஒரு கல்லூரியின் மூன்றாவது மாடியில், ஏ.சி. உறையவைக்கும் ஓர் அறையில், அந்தப் பரட்டைத் தலையில் ரப்பர் குல்லாய் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குல்லாய் முழுக்க ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் கொம்பையா ஊசியில்லாத சிரிஞ்சை வைத்துக் கூழ் மாதிரி எதையோ பிழிந்து, ஒயரைச் செருகிக்கொண்டே வந்தான். வீட்டுக்குப் போய் அதை அலசி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கொம்பையா திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை, இங்கே ஆராய்ச்சி மாணவன். குல்லாயும் கணினியும் அவன் பொறுப்பு. எதிரே மேசையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த கறுப்பு நிறக் கையும் அவன் பொறுப்புதான். மோட்டார் வைத்த வலது கை. திறக்கும், மூடும். அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கலைமணிக்கு அது போதும்.

"இருவது அம்பு வரும்க்கா. பதினஞ்சு சரியா இருந்தா கை ஒங்களுக்கு. பல்லக் கடிச்சிராதிய. ஒடம்பு ஆடுனாலும் கம்ப்யூட்டர் அந்த அம்பச் செல்லாதுன்னு தள்ளிரும்."

"தெரியும் தம்பி."

தெரியாமல் என்ன? இது மூன்றாவது தடவை. முதல் தடவை பதினொன்று. அடுத்த தடவை பன்னிரண்டு. இன்றைக்கும் தவறினால் கை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கம்பெனியில் எச்.ஆர். ஐயா ஒரு வார்த்தை கொடுத்திருந்தார்: பொங்கலுக்குள் வலது பக்கம் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு இடது கையால் அளவு பார்க்க முடிந்தால், குவாலிட்டி செக்ஷனில் ஓர் இடம் இருக்கிறது என்று. பதினைந்து மாதமாக வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஷிப்ட் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த கேட்டுக்குள் திரும்ப நுழைய வேண்டும். வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

அதற்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். திரையில் இடது அம்பு வந்தால் இடது கையை அசைப்பதாக நினைக்க வேண்டும், மேசைமேல் இருக்கும் கை திறக்கும். வலது அம்பு வந்தால் இல்லாத வலது கையை அசைப்பதாக நினைக்க வேண்டும், கை மூடும். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது. மனசில் நினைத்தால் எந்திரம் அசையும் என்று பேப்பரில் படம் போட்டு எழுதுகிறவர்கள் ஒருநாள் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

வேறு மாதிரிக் கை இல்லாமலில்லை. தோள்பட்டைத் தசை துடிப்பதை வைத்து வேலை செய்கிற கை ஒன்றை முதலில் மாட்டிப் பார்த்தார்கள். பிரஸ் மிஷின் முழங்கை வரைக்கும் நசுக்க, சீழ் ஏறி, ஆஸ்பத்திரியில் மேலே மேலே எடுத்து, கடைசியில் தோளுக்குக் கீழே நாலு விரற்கடைதான் மிச்சம். அங்கே துடிப்பதற்குத் தசை ஏது? மண்டைக்குள்ளிருந்து நேராக எடுத்தால்தான் உண்டு என்று இங்கே அனுப்பினார்கள்.

கதவின் கண்ணாடிச் சதுரத்துக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் ரகுபதி நின்றிருந்தான். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர். இன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். கலைமணி தலையை ஆட்டப் போய், ஒயர் ஞாபகம் வந்து கண்ணை மட்டும் சிமிட்டினாள்.

முதல் அம்பு இடது. கலைமணி சோறு பிசைந்தாள். மனசுக்குள்தான். ரசம் சோறு, விரல் நடுவே வழிகிற ரசம், கட்டை விரலால் தள்ளி வாயில் போடுவது. மேசைமேல் கை விர்ரென்று திறந்தது. திரை ஓரத்தில் ஒன்று என்று விழுந்தது.

இடதில் அவளுக்குக் கவலையில்லை. வலதுதான் உயிரை எடுத்தது. போன தடவையே கொம்பையா திரையில் இரண்டு வண்ணக் கறைகளைக் காட்டிச் சொல்லியிருந்தான். "எக்கா, வலது அம்பு வந்தா ஒங்க தலைக்குள்ள ரெண்டு பக்கமும் சேந்துல்லா எந்திரிக்கி. நீங்க வலத நினைச்சாலும் இடது கூடவே ஓடி வருது. கம்ப்யூட்டர் பாவம், எதன்னு எடுக்கும்?"

"அது அப்படித்தான் தம்பி வரும்" என்று அப்போது சிரித்திருந்தாள் கலைமணி. "பதினோரு வருசம் அப்படித்தானே அழுத்திக்கினு இருந்தேன்."

ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை அவளுக்கு. மிஷினின் முன்னால் இரண்டு பச்சை பட்டன், ஆளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தகட்டை டை என்கிற இரும்பு அச்சில் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும். ஒரு கை உள்ளே இருக்கும்போது மிஷின் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஷிப்டுக்கு மூவாயிரம் தடவை. ஓ.டி. பார்த்தால் நாலாயிரம். வலது கை என்று நினைத்த மாத்திரத்தில் இடது கையும் மாட்டு வண்டியின் மறுமாடு போலக் கூடவே கிளம்பிவிடும். அவள் என்ன செய்வாள்?

கோலம் போடுவதை நினைத்துப் பார்த்தாள். தலை வாருவதை, குழம்பைக் கிண்டுவதை, பல் தேய்ப்பதை நினைத்துப் பார்த்தாள். பதினைந்து மாதத்தில் அத்தனை வேலையையும் இடது கை கற்றுக்கொண்டுவிட்டது. எதை நினைத்தாலும் இடதுதான் முந்திக்கொண்டு வந்து நின்றது. சோறு தின்பதுகூட இப்போது இடது கையின் வேலையாகிவிட்டதே. வலது கைக்கென்று சொந்தமாக ஒன்றையும் அது மிச்சம் வைக்கவில்லை.

பத்து அம்பு முடிந்தது. ஆறு இடது, ஆறும் சரி. நாலு வலதில் ஒன்றுதான் சரி, அதுவும் எப்படி விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. மொத்தம் ஏழு. ஐந்து நிமிடம் இடைவேளை.

கொம்பையா தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் முகம் வாடியிருந்தது. இந்தக் கை தேறாவிட்டால் அவனுக்கும் படிப்பில் நஷ்டம்தான். ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை.

"எக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க. வலது கை மட்டும் தனியா செஞ்ச வேலை. அன்னைக்குப் பெறகு இடது கை தொட்டே பாக்காத வேலை. அப்படி ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும்."

"இல்ல தம்பி."

பதில் சட்டென்று வந்துவிட்டது. யோசிக்கிறவள் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்ல மாட்டாள். கொம்பையா அவளையே ஒரு கணம் பார்த்துவிட்டுக் கணினியிடம் திரும்பிப் போனான்.

ஒன்று இருந்தது. அதை அவள் பதினைந்து மாதமாக ஒரு மூலையில் தள்ளி, மேலே கோணியைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

பதினோராவது அம்பு இடது. சோறு. எட்டு.

பன்னிரண்டாவது வலது. பூரிக்கட்டையை உருட்டுவதாக நினைத்தாள். இரண்டு கையும் உருட்டின. தப்பு.

பதின்மூன்றாவது வலது. ஆணி அடிக்கிற சுத்தியலைப் பிடித்தாள். இடது கை வந்து ஆணியைப் பிடித்துக்கொண்டது. தப்பு.

எட்டு. இன்னும் ஏழு அம்பு பாக்கி. ஏழும் சரியாக வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகுபதி இன்னும் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டே நிற்கிறான். பாவி மனுஷன், அவனுக்கு என்ன தெரியும்?

கோணிக்கு அடியில் இருந்த அந்தச் சங்கதி ரகுபதிக்குத் தெரியாது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. லைனில் டார்கெட் ஏறிப்போன நாளில், பேக்கிங் பெட்டியிலிருந்து உடைத்த சின்ன மரக்கட்டை ஒன்றை வலது பச்சை பட்டனில் கலைமணி செருகி வைத்தாள். கட்டை வைத்தால் வலது பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும். வலது கை தகட்டை வைக்க, இடது கை மட்டும் அழுத்த, வேலை பறக்கும். பழைய மிஷின், அதற்கு இந்த ஏமாற்று புரியாது. ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. வலது கை அதைச் சரிசெய்யத் தனியாக உள்ளே போனது. அதே நேரம் இடது கை, பழகின தாளத்தில், பட்டனை அழுத்திவிட்டது. வேறு யாரும் இல்லை. அவள் கைதான் அவள் கையை நசுக்கியது.

விசாரணைக்கு ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். பட்டனில் கட்டை இருந்ததே, யார் வைத்தது என்று கேட்டார்கள். அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ரகுபதி காலடியில் நின்று அழுதுகொண்டிருக்க, கலைமணி சொன்னாள்: "எனுக்குத் தெரியாது சார். காலைல டை செட் பண்ணது பாபுதான்." பொய்கூட முழுசாகச் சொல்லவில்லை, பாருங்கள். ஒரு பெயரை மட்டும் சொன்னாள். பாபு டை மாட்டுகிற செட்டர். அந்த வாரமே அவனை வெளியே அனுப்பினார்கள். ரகுபதி கேட்டருகே அவனை மறித்துப் பத்துப் பேர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தான். பாபு இப்போது ஒரகடம் கூட்டுரோட்டில் தள்ளுவண்டியில் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறான்.

பதினான்காவது அம்பு. வலது.

கலைமணி கோணியை விலக்கினாள். கோணல் தகடு. விளிம்பில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. வலது கை எழுந்து, தனியாக, மேல் டைக்கு அடியில் நுழைந்தது. நடுவிரல் நுனி தகட்டைத் தொட்டது. இடது கையைக் காணவில்லை. மேசைமேல் கறுப்புக் கை மெல்ல விரல்களை மடக்கி மூடியது.

ஒன்பது. கொம்பையா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

பதினைந்தாவது இடது. சோறு. பத்து.

பதினாறு, பதினேழு இரண்டும் வலது. இரண்டு தடவை மறுபடி உள்ளே போனாள். மேலே டை தொங்குவது அவளுக்குத் தெரிந்தது. அதன் எடை தெரிந்தது. உடம்பு பின்னால் இழுத்தது. ஆடக் கூடாது, பல்லைக் கடிக்கக் கூடாது. வியர்வை தலையிலிருந்த கூழோடு கலந்து நெற்றியில் இறங்கியது. கை மூடியது, மறுபடியும் மூடியது. பன்னிரண்டு.

பதினெட்டு இடது. சோறு எங்கோ தூரத்தில் இருந்து வந்தது. ரசம் இல்லை, ருசி இல்லை. ஆனாலும் வந்தது. பதின்மூன்று.

பத்தொன்பது வலது. உள்ளே போனாள். இந்த முறை விரல் தகட்டை நேராக்கியேவிட்டது. அன்றைக்கும் நேராக்கித்தான் இருந்தாள், அதுவும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினான்கு.

கடைசி அம்பு இடது.

கலைமணி சோற்றைக் கூப்பிட்டாள். வரவில்லை. தட்டு வரவில்லை, ரசம் வரவில்லை. வலது கை இன்னும் டைக்கு அடியிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்க நினைத்தால் அது வலது ஆகிவிடும், அம்பு தப்பாகிவிடும். இடது கைக்கு எதிரே பச்சை பட்டன் மட்டும் இருந்தது. நாலு நொடிதான் நேரம். ஒரு நொடி போயிற்று. இரண்டு போயிற்று. பட்டனில் அவள் உள்ளங்கை பட்டது. ஐயோ, என் கை உள்ளே இருக்கிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அழுத்தினாள்.

மேசைமேல் கை விர்ரென்று திறந்தது. பதினைந்து.

கொம்பையா இரண்டு கையையும் தட்டினான். ரகுபதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, அவளைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் குல்லாய்க்கு ஓரமாக நின்றுகொண்டு, "ஜெயிச்சிட்ட கலை, ஜெயிச்சிட்ட" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

கொம்பையா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "கடைசி ஏழும் சுத்தமா வந்துட்டுக்கா. என்ன நினைச்சியன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். கைய ஒங்களுக்குப் பழக்கப்போறது இத வச்சித்தான். வீட்டுலயும் தெனம் இதையேதான் நினைக்கணும். டம்ளரத் தூக்குனாலும் இதுதான்."

கோலம் என்று சொல்லிவிடலாம். யார் மண்டைக்குள் வந்து பார்க்கப் போகிறார்கள்? கம்ப்யூட்டரே வலதா இடதா என்றுதான் பார்க்கும், என்ன என்று பார்க்காது. கலைமணி வாயைத் திறந்தாள். ஆனால் இப்போதுதான் அந்த இடத்துக்கு ஐந்து தடவை போய்விட்டு வந்திருக்கிறாள். ஐந்து தடவையும் சுற்றிப் பார்த்துவிட்டாள். அங்கே பாபு இல்லை.

"பிரஸ்ல தகடு கோணலா உக்காந்துச்சி தம்பி. அத்த சரி பண்ண வலது கைய உள்ள வுட்டேன். அதான் வலது."

பேனா ஓடியது. "இடது?"

"மொதல்ல சோறு துன்றது. கடைசி அம்புக்கு மட்டும் வேற. இடது கையால பட்டன அழுத்தினேன்."

"ரெண்டையும் அழுத்தினாத்தானே எறங்கும்" என்றான் ரகுபதி, சிரித்த முகம் மாறாமல். "வலது பட்டன்லதான் அந்தப் பையன் கட்டைய..."

"கட்டைய நான்தான் வெச்சேன்."

கொம்பையாவின் பேனா நின்றுவிட்டது. ரகுபதி அவளைப் பார்த்தான், மேசைமேல் கையைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். தன் வலது உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தான். ஒரு தடவை துடைத்தது போதாமல் இன்னொரு தடவை துடைத்தான். பிறகு பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

கையை அளவெடுத்து மாட்ட இரண்டு வாரம் ஆகுமாம். வெறும் சட்டைக்கையைச் செருகிக்கொண்டு கலைமணி கீழே இறங்கி வந்தபோது பைக் நின்றிருந்தது. ரகுபதியும் அதன்மேல் உட்கார்ந்திருந்தான். ஏறினாள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினார்கள். புதுக் காரை அடுக்கி ஏற்றிப் போகிற நீட்டு லாரிகள் பக்கத்தில் வரும்போது வழக்கமாக "புடிச்சிக்கோ" என்பான். இன்றைக்குச் சொல்லவில்லை. அவன் கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஒரகடம் கூட்டுரோட்டில் பாபுவின் வண்டி தெரிந்தது. அந்த இடம் வந்தால் ரகுபதி எப்போதும் பைக்கை முறுக்குவான். இன்றைக்கு முறுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. கலைமணி அவன் தோளில் தட்டினாள்.

"நிறுத்துங்க."

மத்தியான ஷிப்ட் உள்ளே போய்விட்டிருந்தது, வண்டியில் ஆள் இல்லை. பாபு எலுமிச்சை சாத அண்டாவை மூடிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் முதலில் ரகுபதியின் கையைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் போனான்.

"இன்னா வேணும்?"

"கட்டைய நான்தான் வெச்சேன் பாபு" என்றாள் கலைமணி.

அவன் ரொம்ப நேரம் அண்டா மூடியைத் துடைத்தான். "எனுக்கு அது தெரியாதாக்கா? நான் வெக்கலன்னு எனுக்குத் தெரியாதா? கை போன பொம்பளயோட இன்னா மல்லுக்கட்டறதுன்னு வுட்டுட்டேன்." மூடியை அண்டாமேல் வைத்து அழுத்தினான். "எந்தக் கம்பெனிக்குப் போனாலும் செட்டர் வேலைக்கு எடுக்க மாட்டேன்றாங்க. நான் போறதுக்கு முன்னாடி இவங்க வெளிய அனுப்புன லெட்டர் போய் நிக்கிது."

"நான்தான் வெச்சேன்னு கம்பெனிக்கு எழுதிக் குடுக்கறேன்."

"இப்ப சொல்லுவ. நாளைக்கு?"

"இப்பவே தர்றேன். தாள் எதுனா கீதா?"

பொட்டலம் மடிக்க வைத்திருந்த பழைய பரீட்சைத் தாள்களிலிருந்து பின்பக்கம் வெள்ளையாக இருந்த ஒன்றை உருவி, பேனாவோடு பலகைமேல் வைத்தான் பாபு.

"எழுதினா குவாலிட்டில எடம்?" என்றான் ரகுபதி. கல்லூரியை விட்ட பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"போவும்."

அந்த கேட், அந்த இரைச்சல், டீ பிரேக்கில் கூடி நிற்கிற பெண்கள், எல்லாம் கண்முன் வந்து போயின. பேனாவை இடது கையில் பிடித்து முதல் எழுத்தைப் போட்டாள். அது பல்லி போல் வளைந்தது. அடுத்ததைப் போடும்போது தாள் நழுவியது. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். அவள் எழுதுகிற கையின் முழங்கையாலேயே தாளை அழுத்திப் பார்த்தாள், எழுத வரவில்லை. லாரி ஒன்று போன காற்றில் தாள் பலகையை விட்டுப் பறக்கப் போயிற்று.

ரகுபதி பைக்கிலிருந்து இறங்கி வந்தான். பாபுவின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. குனிந்து, அவனை அறைந்த அதே கையைத் தாளின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"எழுது" என்றான்.